பக்கத்து வீட்டில் கடன் வாங்கும் கணக்கு

 

இன்று மஃரிபுக்குப் பின் பிள்ளை ஓதி முடித்ததும் கணிதக் கொப்பியை எடுத்துப் பாருங்கள். மூன்றாம், நான்காம் தரத்துப் பிள்ளையாக இருந்தால் 52இலிருந்து 28ஐக் கழிக்கும் கணக்குப் போல ஒன்று எப்படியும் அதில் இருக்கும். விடை 24 என்று எழுதியிருக்கும். ஆசிரியை சிவப்பு மையால் சரி அடையாளமும் இட்டிருப்பார். நீங்களும் மனம் குளிர்ந்து கொப்பியை மூடப் போவீர்கள். சற்றுப் பொறுங்கள். 5ஐ வெட்டி அதன் மேலே 4 என்று எழுதியிருக்கிறதல்லவா, அதைத் தொட்டுக் காட்டி, "இந்த அஞ்சு ஏன் மகள் நாலாகினது?" என்று கேட்டுப் பாருங்கள்.

"ரெண்டிலிருந்து எட்டுப் போகாதே உம்மா. அதனால பக்கத்து வீட்டில கடன் வாங்கின."

"எவ்வளவு வாங்கின?"

"ஒன்று."

"ரெண்டோட ஒன்று சேர்ந்தா மூன்றுதானே வரும்? பன்னிரண்டு எப்படி வந்தது?"

பெரும்பாலான பிள்ளைகள் இந்த இடத்தில்தான் நின்றுவிடுவார்கள். "டீச்சர் அப்படித்தான் சொல்லித் தந்த" என்பார்கள். விடை சரி, வழியும் சரி. ஆனால் தான் என்ன செய்தோம் என்பது பிள்ளைக்குத் தெரியாது.

நான் மௌலவி ஆசிரியன். இஸ்லாம் பாடம் கற்பிப்பதே என் கடமை. ஆனாலும் எமது மாத்தளை மாவட்டத்தின் சின்னப் பாடசாலைகளைத் தெரிந்தவர்களுக்கு நிலைமை புரியும். ஓர் ஆசிரியை பிரசவ லீவில் போனால் அவருடைய வகுப்பு அடுத்த அறையில் இருப்பவரின் தலையில் வந்து விழும். அப்படி நான்காம் தரத்துக் கணிதம் என் கைக்கு வந்த ஒரு தவணையில், ஒரு சிறுமி எழுந்து நின்று கேட்டாள்: "கடன் வாங்கினா கட்டாயம் திருப்பிக் குடுக்கணும் என்று நீங்கதானே சேர் சொன்ன. இந்தக் கணக்கில வாங்கின கடனை எப்ப குடுக்கிற?"

வகுப்பே சிரித்தது. ஆனால் அந்த ஆண்டு அந்த வகுப்பில் கேட்கப்பட்ட கேள்விகளில் மிகச் சிறந்தது அதுதான் என்று இன்றும் சொல்வேன். கடன் விஷயத்தில் மார்க்கம் எவ்வளவு கண்டிப்பானது என்று ஒரு பாடவேளையில் கேட்ட பிள்ளை, வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்காமலே விடை சரியாக வருவதை அடுத்த பாடவேளையில் காண்கிறாள். அவள் குழம்பியதில் என்ன தவறு? அந்தச் சொல்லே பிழையானது. அங்கே யாரும் யாரிடமும் கடன் வாங்கவில்லை.

என்னதான் நடக்கிறது? முற்றம் கூட்டும் விளக்குமாற்றிலிருந்து கொஞ்சம் ஈர்க்கு எடுத்து ஒரே அளவாக முறித்துக்கொள்ளுங்கள். பத்துப் பத்தாக இறப்பர் வளையம் போட்டுக் கட்டுங்கள். 52 என்றால் ஐந்து கட்டுகள், தனியாக இரண்டு ஈர்க்கு. இதிலிருந்து 28ஐ எடுத்துத் தரும்படி பிள்ளையிடம் சொல்லுங்கள். எட்டு ஈர்க்கை எடுக்கப் பார்ப்பாள். தனியாக இருப்பது இரண்டுதான். நீங்கள் ஒன்றும் சொல்லாமல் இருங்கள். கொஞ்ச நேரம் விழித்துவிட்டு அவளே ஒரு கட்டை அவிழ்ப்பாள். இப்போது நான்கு கட்டுகளும் பன்னிரண்டு ஈர்க்குகளும் இருக்கின்றன. மொத்தம் முன்பு போலவே 52தான். ஒன்று கூடவுமில்லை, குறையவுமில்லை. எட்டை எடுத்தால் நான்கு மிஞ்சும். இரண்டு கட்டுகளை எடுத்தால் இரண்டு கட்டுகள் மிஞ்சும். ஆக 24. 5 ஏன் 4 ஆனது, 2 எப்படிப் பன்னிரண்டானது என்பதை இனி அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ஒரு கட்டு அவிழ்ந்தது, அவ்வளவுதான். கடைக்காரரிடம் 10 ரூபாக் குற்றியைக் கொடுத்துப் பத்து ஒரு ரூபாக்களாக மாற்றுவதை யாராவது கடன் என்பார்களா?

ஒரு சொல்லில் என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். லிபிங் மா என்ற சீனப் பெண்மணி 1999இல் வெளியிட்ட நூல் ஒன்று இந்தச் சொல்லிலிருந்துதான் தொடங்குகிறது எனலாம். அவருடைய கதையே கேட்கத் தக்கது. சீனாவின் கலாசாரப் புரட்சிக் காலத்தில், எட்டாம் வகுப்பை முடித்த நிலையில், ஷங்ஹாய் நகரிலிருந்து தென்சீனத்தின் மலைப்பகுதியிலுள்ள ஏழைக் கிராமம் ஒன்றுக்கு அனுப்பப்பட்டவர் அவர். அந்தக் கிராமத்துப் பிள்ளைகளுக்கே ஆசிரியையானார். பின்னர் அமெரிக்கா சென்று ஆய்வு செய்தபோது, 23 அமெரிக்க ஆசிரியர்களிடமும் 72 சீன ஆசிரியர்களிடமும் ஆரம்பப் பாடசாலைக் கணிதத்தில் நான்கே நான்கு விஷயங்கள் பற்றிய பதில்களை ஒப்பிட்டுப் பார்த்தார். அவற்றில் ஒன்று நாம் மேலே பார்த்த கழித்தல். அமெரிக்க ஆசிரியர்களில் பெரும்பாலானோர் அதைக் 'கடன் வாங்குதல்' என்றே விளக்கினார்கள். சீன ஆசிரியர்களில் பெரும்பாலானோர் 'பெரிய அலகொன்றைப் பிரித்தல்' என்றார்கள். அதாவது நமது ஈர்க்குக் கட்டை அவிழ்ப்பதுதான்.

இன்னொரு கேள்வி: 1¾ ஐ ½ ஆல் வகுத்தால் என்ன? அதற்குப் பொருத்தமாக ஒரு கதைக் கணக்கும் சொல்லுங்கள். சீன ஆசிரியர்கள் 72 பேரும் விடையைச் சரியாகக் கண்டார்கள்; 65 பேர் பொருத்தமான கதையும் சொன்னார்கள். அமெரிக்க ஆசிரியர்களில் பாதிப் பேர்கூட முழு விடையைக் காணவில்லை. ஏற்கத்தக்க கதை சொன்னவர் ஒரே ஒருவர். மற்றவர்களில் பலர் 1¾ ரொட்டியை இரண்டு பேருக்குச் சமமாகப் பங்கிடுவது போன்ற கதைகளைச் சொன்னார்கள். அது இரண்டால் வகுப்பதாகும், அரையால் வகுப்பதல்ல.

சகோதரிகளே, இதற்கு நீங்கள் பதில் சொல்வீர்கள். ஒன்றேமுக்கால் சுண்டு அரிசி இருக்கிறது. சுண்டைக் காணவில்லை, கையில் இருப்பது அரைச் சுண்டுப் பேணி. எத்தனை முறை அள்ளலாம்? மூன்று முறை நிறைய, கடைசியில் அரைப் பேணி. மூன்றரை! பட்டதாரி ஆசிரியர்கள் தடுமாறிய கணக்கு உங்கள் அரிசிப் பெட்டியில் நாள்தோறும் நடக்கிறது.

அந்த நூலில் என்னை மிகவும் சிந்திக்க வைத்த செய்தி வேறொன்று. அந்தச் சீன ஆசிரியர்கள் பெரும் படிப்புப் படித்தவர்களல்லர். பாடசாலையும் ஆசிரியர் பயிற்சியும் சேர்த்து 11, 12 வருடங்கள்தான் படித்திருந்தார்கள். அமெரிக்கர்களோ பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர்கள். சிறு கணக்கை ஆழமாகத் தெரிந்துவைத்திருப்பது வேறு, பெரிய கணக்கை மேலோட்டமாகப் படித்திருப்பது வேறு. "நான் ஓ.எல். வரைதான் படிச்ச மௌலவி, புள்ளைக்கு என்னத்தச் சொல்லிக் குடுக்க?" என்று பெற்றார் கூட்டங்களில் சொல்லும் தாய்மாருக்காகவே இதை இவ்வளவு விரித்து எழுதுகிறேன்.

எமது நாட்டிலும் இது தெரியாத விஷயமல்ல. 1998இல் கம்பஹா மாவட்டத்தில் பரீட்சித்துப் பார்த்து, 1999இல் முதலாம் தரத்திலிருந்து நாடு முழுவதும் தொடங்கிய ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், விளையாட்டு, செயற்பாடு, மேசை வேலை என்ற மூன்றின் வழியாகவே பிள்ளை கற்க வேண்டும் என்று வகுத்தது. ஆசிரியர் கைந்நூல்களில் ஈர்க்குக் கட்டும் எண்சட்டமும் அன்றே வந்துவிட்டன. ஆனால் கைந்நூலில் வருவது வேறு, வகுப்புக்குள் வருவது வேறு. 2003ஆம் ஆண்டு கொழும்புப் பல்கலைக்கழகத்தின் தேசிய கல்வி ஆராய்ச்சி, மதிப்பீட்டு நிலையம் நான்காம் தரப் பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்தபோது, கணிதத்தில் எதிர்பார்த்த தேர்ச்சி மட்டத்தை நூற்றுக்கு நாற்பது பேர்கூட எட்டவில்லை. தமிழ்மொழி மூலம் படித்த பிள்ளைகள் அதிலும் பின்தங்கியிருந்தார்கள்.

காரணம் பல. ஆனால் தாய்மார்களிடம் பேசும்போது ஒரு காரணத்தை மறைக்க முடியாது: ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை. ஆண்டுதோறும் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் அதை எழுதுகிறார்கள். மூன்றாம் தரத்திலேயே பிள்ளையை டியூஷன் வகுப்பில் சேர்த்து, சனிக்கிழமை காலையில் உக்குவளையிலிருந்தும் றத்தோட்டையிலிருந்தும் மாத்தளை டவுனுக்கு பஸ் ஏற்றும் தாய்மாரை நான் குறை சொல்லப் போவதில்லை. நல்ல பாடசாலைக்கு வேறு வாசல் திறக்காத குடும்பங்களுக்கு அது பெரிய வாசல். ஆனால் அங்கே மாதிரி வினாத்தாள்களைக் குவித்து, 'மொத்தம்' என்று வந்தால் கூட்டு, 'மீதி' என்று வந்தால் கழி என்று பிள்ளைக்கு ஊட்டுகிறார்களே, அதுதான் நஞ்சு. பின்வரும் கணக்கைக் கொடுத்துப் பாருங்கள்:

வாப்பா 12 தேங்காய்களை விற்ற பிறகு 15 தேங்காய்கள் மீதியாக இருந்தன. முதலில் எத்தனை தேங்காய்கள் இருந்தன?

'மீதி' என்ற சொல்லைக் கண்டதும் ஒரு கூட்டம் பிள்ளைகள் 15இலிருந்து 12ஐக் கழித்து 3 என்று எழுதுவார்கள். விற்றதே பன்னிரண்டு என்னும்போது முதலில் இருந்தது மூன்றாக எப்படி இருக்கும் என்று ஒரு கணமும் யோசிக்க மாட்டார்கள். யோசிக்கத் தெரியாதவர்களல்லர் அவர்கள். கடைக்குப் போனால் ஒரு ரூபாவும் ஏமாறாத பிள்ளைகள். கணக்கு என்றால் யோசிக்க வேண்டியதில்லை, சொல்லைப் பிடித்தால் போதும் என்று நாம்தான் பழக்கிவிட்டோம்.

சமன் அடையாளமும் அப்படித்தான். 8 + 4 = □ + 5 என்று எழுதிப் பெட்டிக்குள் என்ன வரும் என்று கேளுங்கள். 12 என்பார்கள், சிலர் எல்லாவற்றையும் கூட்டி 17 என்பார்கள். எமது பிள்ளைகள் மட்டுமல்ல. அமெரிக்காவில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 145 பேரிடம் இதைக் கேட்டபோது அத்தனை பேரும் 12 அல்லது 17 என்றே எழுதிய செய்தி 1999இல் வெளியானது. சமன் என்றால் 'இங்கே விடையை எழுது' என்ற கட்டளை என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். மாத்தளையில் பிறந்த பிள்ளைக்கு இதை விளக்குவது எவ்வளவு இலேசு! மிளகும் கராம்பும் சாதிக்காயும் நிறுத்து விற்கும் ஊர் இது. இப்போது கடைகளில் இலக்கத் தராசு வந்துவிட்டாலும், பழைய இரு தட்டுத் தராசு எங்காவது ஒரு மூலையில் தொங்கத்தான் செய்கிறது. ஒரு தட்டில் எட்டும் நான்கும். மறு தட்டில் ஐந்து வைத்தாயிற்று. முள் நேராக நிற்க இன்னும் எவ்வளவு வைக்க வேண்டும்? ஏழு என்று பிள்ளை பட்டென்று சொல்லும். இந்தத் தராசை இப்போதே விளங்கிக்கொண்ட பிள்ளை, பின்னர் அட்சர கணிதம் வரும்போது மிரளாது.

இதையெல்லாம் வாசித்துவிட்டு, மௌலவி வாய்பாட்டைப் பாடமாக்க வேண்டாம் என்கிறார் என்று யாரும் முடிவு கட்டிவிடாதீர்கள். மனனத்தின் அருமை தெரியாதவனா நான்? அரபுக் கல்லூரியில் எங்கள் இளமையே அதில்தான் கழிந்தது. மனனம் செய்வதே பழைய காலத்து மூட வழக்கம் என்று புதிதாகப் பேசுவோரை நான் ஏற்பதில்லை. 7 தடவை 8 ஐம்பத்தாறு என்பது நாவின் நுனியில் நிற்கத்தான் வேண்டும். ஆனால் மறந்துபோன அன்று பிள்ளை என்ன செய்யும்? மறந்ததைத் தானே கட்டியெழுப்பத் தெரிய வேண்டும். ஐந்து எட்டு நாற்பது, இரண்டு எட்டுப் பதினாறு, ஆக ஐம்பத்தாறு. தொழுகைக்குப் பின் தஸ்பீஹ் ஓதுகிறோமே, 33 மூன்று முறை: முப்பது மூன்று முறை தொண்ணூறு, மூன்று மூன்று முறை ஒன்பது, ஆக 99. மஸ்ஜிதில் ஆறு ஸப்புகள், ஸப்புக்கு ஒன்பது பேர் என்று புள்ளி வைத்துப் படம் போடச் சொல்லுங்கள். தாளைப் பக்கவாட்டில் திருப்பினால் ஒன்பது ஸப்புகள், ஸப்புக்கு ஆறு பேர். ஆள் கூடவில்லை, குறையவில்லை. 6 × 9 உம் 9 × 6 உம் ஏன் ஒன்று என்பது தெரிந்தாயிற்று. வாய்பாட்டில் பாடமாக்க வேண்டியதும் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிட்டது.

இனி, பின்னத்துக்கு வருகிறேன். இங்கேதான் எமது சமூகத்துப் பெண்களின் உரிமையே தங்கியிருக்கிறது.

அரபுக் கல்லூரியில் பராயிழ் என்ற வாரிசுரிமைக் கணக்கை நாங்கள் முதலில் பாடலாக மனனம் செய்தோம். இரண்டில் ஒன்று, நான்கில் ஒன்று, எட்டில் ஒன்று, மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று என்ற ஆறு பங்குகளையும் யார் யாருக்கு எது என்பதையும் ஒப்புவிப்போம். அதன் பிறகு எமது உஸ்தாத் ஒரு பை நிறையப் புளியங்கொட்டையைப் பாயில் கொட்டி, "இப்போது பங்கு வையுங்கள்" என்பார். ஒருவர் மரணித்தார், பெற்றோர் முன்பே காலமாகிவிட்டார்கள், மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்மார் இருக்கிறார்கள். கடனும் வஸிய்யத்தும் கழிந்து எஞ்சிய சொத்தில் மனைவிக்கு எட்டில் ஒன்று. மிச்சம் எட்டில் 7 பங்கு. மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று, மற்ற மகளுக்கு ஒன்று என்று அதை நான்காகப் பிரிக்க வேண்டும். 7 கொட்டைகளை நான்காக எப்படிப் பிரிப்பது? உடைக்கத்தான் வேண்டும். எல்லாவற்றையும் நான்கு நான்காக உடைத்தால் எட்டு, முப்பத்திரண்டாகும். மனைவிக்கு 4, மகனுக்கு 14, மகள்மாருக்குத் தலா 7. கூட்டிப் பாருங்கள், 32 சரியாக வரும். 'எட்டை ஏன் நான்கால் பெருக்கினோம்?' என்ற கேள்விக்கு அந்தப் பாயில் இருந்த எவரும் 'கிதாபில் அப்படி இருக்கிறது' என்று சொல்லித் தப்ப முடியாது.

அலீ (ரலி) அவர்கள் மிம்பரில் இருந்தபோது ஒரு பாகப் பிரிவினை பற்றிக் கேட்கப்பட்டதாகப் பராயிழ் நூல்களில் ஒரு செய்தி வருகிறது. மனைவி, இரண்டு மகள்மார், தந்தை, தாய். 24 பங்காக வைத்துக் கொடுக்கத் தொடங்கினால் 3, 16, 4, 4 என்று கூட்டுத்தொகை 27 ஆகிவிடுகிறது. சொத்தைவிடப் பங்கு கூடிவிட்டது. அப்போது எல்லோரது பங்கும் ஒரே விகிதத்தில் குறையும். பேச்சை இடைநிறுத்தாமலே, மனைவியின் எட்டிலொன்று ஒன்பதிலொன்றாகிவிட்டது என்று அவர்கள் விடை சொன்னார்களாம். 27இல் 3 என்றால் ஒன்பதில் ஒன்றுதானே! கணக்கின் உள்ளே வசிப்பவருக்கே இப்படி வரும். 9ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பக்தாதில் அல்குவாரிஸ்மி எழுதிய அல்ஜப்ர் நூலிலும் ஏறத்தாழப் பாதி, வாரிசுரிமைக் கணக்குகள்தாம்.

எமது தமிழ் மொழிக்கும் இதில் ஒரு பெருமை உண்டு. எட்டில் ஒன்றுக்குப் பழைய தமிழில் 'அரைக்கால்' என்று பெயர். காலின் அரை. எட்டில் ஒன்று எப்படி வருகிறது என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. (நாம் நிலத்துக்குச் சொல்லும் 'காணி'கூட எண்பதில் ஒன்றின் பெயர்தான்.) ஒரு ரொட்டியை இரண்டாக்கி, அதை இரண்டாக்கி, மீண்டும் இரண்டாக்கிக் காட்டுங்கள். 1/8 பெரிதா 1/4 பெரிதா என்று கேட்டால், 'எட்டுத்தானே பெரிசு' என்று பிள்ளை இனிச் சொல்லாது. அப்படிச் சொல்லும் பிள்ளைகள் ஐந்தாம் தரத்திலும் இருக்கிறார்கள்.

அந்தப் பிள்ளை வளர்கிறாள். ஒரு நாள் வாப்பா மௌத்தாகிறார். உயில் எழுதாமல் மரணிக்கும் முஸ்லிமின் சொத்து அவரது மத்ஹபின்படி பிரிக்கப்பட வேண்டும் என்று இந்நாட்டில் 1931இலேயே சட்டம் வந்துவிட்டது. மார்க்கமும் கொடுத்துவிட்டது, சட்டமும் கொடுத்துவிட்டது. ஆனால் காணி உறுதி எழுதும் நாளில், 32 பேர்ச்சில் உம்மாவுக்கு 4 பேர்ச்சா 3 பேர்ச்சா, தனக்கு 7ஆ 5ஆ என்று பார்க்கத் தெரியாமல், காட்டிய இடத்தில் கையொப்பம் வைக்கும் பெண்கள் எத்தனை பேர்! "பொம்புளப் புள்ளைக்குக் கணக்கு எதுக்கு?" என்று எந்தப் பெரியவராவது உங்கள் வீட்டில் கேட்டால், அவரிடம் இதைத் திருப்பிக் கேளுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது பற்றி ஓரிரு வார்த்தை. பிள்ளை பிழை விட்டால் கோபம் வேண்டாம். பிழைக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு நியாயம் இருக்கும். நூற்றைந்து எழுதச் சொன்னால் இரண்டாம் தரத்துப் பிள்ளை 1005 என்று எழுதும். நூறு என்றால் 100, ஐந்து என்றால் 5, பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டது. காதில் விழுந்ததை அப்படியே எழுதிய பிள்ளையைத் தலையில் குட்டினால் அது இனி யோசிக்கவே அஞ்சும். பழைய கலண்டர் மட்டையில் 100 என்று ஒரு அட்டையும் 5 என்று ஒரு சின்ன அட்டையும் வெட்டி, 100இன் கடைசிச் சைபரின் மேல் 5ஐ வைத்துக் காட்டுங்கள். நூறு அடியில் ஒளிந்திருக்கிறது, மேலே ஐந்து. அட்டையைத் தூக்கித் தூக்கிப் பார்த்து அதுவே சிரிக்கும். தொண்ணூறு என்ற சொல்லுக்குள் 'நூறு' இருப்பதாலும் சில பிள்ளைகள் தடுமாறுவார்கள். அது மொழி வைத்த பொறி.

விடை பிழையாகும்போது மட்டும் "எப்படிக் கண்ட?" என்று கேட்காதீர்கள். சரியாகும்போதும் கேளுங்கள். இல்லாவிட்டால் அந்தக் கேள்வியே பிள்ளைக்கு ஏச்சாகத் தோன்றும். இன்னொன்று. நீங்கள் படித்த முறையும் ஆசிரியை சொன்ன முறையும் வேறாக இருந்தால், "உங்கட டீச்சருக்குத் தெரியாது" என்று பிள்ளை முன்னால் சொல்லிவிட வேண்டாம். வாப்பாமாருக்கு இந்தப் பழக்கம் கொஞ்சம் அதிகம். இரண்டு வழியும் ஏன் ஒரே விடையில் வந்து சேர்கின்றன என்று மூவரும் சேர்ந்து பார்த்தால், அதைவிட நல்ல பாடம் எந்த டியூஷனிலும் கிடைக்காது.

கடைசியாக இம்மாதத்துக்கு ஒரு கணக்கு. கடையில் 630 ரூபாவுக்குச் சாமான் வாங்கி 1000 ரூபாத் தாள் ஒன்றைக் கொடுக்கிறோம். மீதி எவ்வளவு? பென்சிலும் கொப்பியும் இல்லாமல் பிள்ளை மனதாலேயே காண வேண்டும், அதுவும் மூன்று வெவ்வேறு வழிகளில். ஒரு வழியை நான் சொல்லிவிடுகிறேன். எமது ஊர்க் கடை நாநா கடனும் வாங்க மாட்டார், கழிக்கவும் மாட்டார். ஓர் இருபதை வைத்து "அறுநூற்றைம்பது" என்பார், ஐம்பதை வைத்து "எழுநூறு" என்பார், மூன்று நூறுகளை வைத்து "ஆயிரம்" என்று முடித்துவிடுவார். மற்ற இரண்டு வழிகளையும் உங்கள் வீட்டுப் பிள்ளைகள் கண்டுபிடிக்கட்டும். 370 என்ற விடை எனக்குத் தெரியும். பிள்ளை அதற்கு வந்த வழியை, அது சொன்ன சொல்லிலேயே எழுதி அனுப்புங்கள். இன்ஷா அல்லாஹ் அடுத்த இதழில் அவற்றைப் பார்ப்போம்.